உருளைக்கிழங்கு வயலில் பூத்த அந்திப் பூ

நெதர்லாந்தில் ஜூன், ஜூலை மாதங்களில் இரவு 10 மணி வரைகூட வெளிச்சம் இருக்கும். சாப்பிட்டு முடித்தவர்கள் தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்காரும் அந்த நேரத்தில்தான் ஈவினிங் பிரிம்ரோஸ் மலரத் தொடங்குகிறது. முறுக்கிக்கொண்டிருந்த மொட்டு லேசாக அசைகிறது. ஓரிரு நிமிடங்களில், பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நான்கு மஞ்சள் இதழ்களும் விரிந்துவிடுகின்றன. மெல்லிய வாசனை பரவ, அந்துப்பூச்சிகள் தேடி வருகின்றன. மறுநாள் மதியத்துக்குள் பூ வாடிவிடும்.

இந்தப் பூவால் பெயர் பெற்ற ஊர், ஆம்ஸ்டர்டாமுக்குத் தென்கிழக்கே ரயிலில் அரை மணி நேரத்துக்குள் சென்றுவிடக்கூடிய ஹில்வர்சம். 1886-ல் அதன் அருகே, பயிரிடாமல் விட்ட உருளைக்கிழங்கு வயல் ஒன்று இந்தச் செடிகளால் நிறைந்திருந்தது. பக்கத்துப் பூங்காவில் அழகுக்காக வைத்த செடிகளின் விதைகள்தான் அங்கே முளைத்திருந்தன. அந்த வழியே வந்த தாவரவியல் பேராசிரியர் ஹியூகோ டி விரிஸ், சில செடிகள் மட்டும் மற்றவை போல இல்லை என்பதைக் கவனித்தார். செடிகளையும் விதைகளையும் ஆம்ஸ்டர்டாம் தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்.

1638-ல் மூலிகைத் தோட்டமாகத் தொடங்கிய இடம் அது. அங்கே ஆண்டுதோறும் விதைத்து, பூச்சி தொடாதபடி பூக்களுக்குப் பை கட்டி, தானே மகரந்தம் சேர்த்தார். 50,000-க்கும் அதிகமான செடிகளை வளர்த்துப் பார்த்தார். குட்டைச் செடி, பெரிய செடி, சிவப்பு நரம்போடிய செடி எனப் புது வகைகள் திடீரென்று தோன்றின. பள்ளிப் பாடத்தில் நாம் படிக்கும் ‘சடுதி மாற்றம்’ பிறந்தது இப்படித்தான். 1901-ல் அதைப் பற்றிய நூலின் முதல் பகுதி வெளிவந்தது.

பின்னால் வந்தவர்கள் ஆராய்ந்தபோது, அவற்றில் பெரும்பாலானவை புது இனங்கள் அல்ல, இந்தச் செடியின் விசித்திரமான குரோமோசோம் அமைப்பால் வந்த மாறுதல்கள் என்று தெரிந்தது. பெரிய செடியில் மட்டும் 14 குரோமோசோம்கள் 28 ஆகியிருந்தன. அவர் முடிவு பெருமளவு தவறிப்போனது. ஆனால் அவர் தந்த சொல் இன்றும் அறிவியலில் நிற்கிறது.

அந்தத் தோட்டத்தை இன்றும் சுற்றிப் பார்க்கலாம். அவர் காலத்தில், 1912-ல் கட்டிய பனை மர வீடும் அங்கே இருக்கிறது.

குளிர்ப் பிரதேசத்தில் இதை வீட்டில் வளர்ப்பது சுலபம். நல்ல வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. பொடி விதையை ஆழப் புதைக்காமல், மண் மீது தூவி லேசாக அழுத்தினால் போதும். வேர் ஆழமாக இறங்குவதால், வளர்ந்த செடியைப் பிடுங்கி இடம் மாற்றக் கூடாது. எங்கும் முளைத்துவிடாமல் இருக்க, காய்களை முற்றுவதற்கு முன் வெட்டிவிட வேண்டும்.

முக்கியமான விஷயம், பொறுமை. முதல் ஆண்டில் தரையோடு படர்ந்த இலைக்கொத்து மட்டுமே தெரியும். களை என்று நினைத்துப் பலர் பிடுங்கி எறிவது அப்போதுதான். விட்டுவைத்தவர்களுக்கு அடுத்த கோடையில் ஆளுயரத் தண்டு எழும்பி, மாலைதோறும் பூக்கும்.