ஆண்மையும் அன்பும்

உழவுக் காளைக்குக் காயடிக்கும்போது எவரும் கண்ணீர் வடிப்பதில்லை. ஏர் பூட்ட வேண்டும். வண்டி இழுக்க வேண்டும். ஆகவே நம் ஊர்களில் அது வழக்கமாயிற்று. ஆனால் வீட்டு நாயின் நோய் தீர அதுவே வழி என்றால் மட்டும் மனிதர் மனம் பதறுகிறது. கால்நடை அறுவை மருத்துவம் பயிலும் நான் இந்த முரண்பாட்டை அடிக்கடி காண்கிறேன்.

சென்ற குளிர்காலத்தில் பெரியவர் ஒருவர் தம் ஒன்பது வயது அல்சேஷியனை அழைத்து வந்தார். குறியிலிருந்து இரத்தம் சொட்டியது. மலம் கழிக்க முக்கி முக்கித் தவித்தது. அரையாண்டில் அது மூன்றாம் முறை. மருந்து கொடுத்தால் தேறும். நிறுத்தினால் நோய் திரும்பும்.

நண்பர்களே, காரணம் எளியது. சிறுநீர்ப்பையின் கழுத்தைச் சூழ்ந்திருப்பது புராஸ்டேட் சுரப்பி. விரைகளில் ஊறும் ஹார்மோன் அதை வளர்க்கிறது. வயது ஏற ஏற அது பருத்து மலக்குடலை நெருக்குகிறது. பருத்த சுரப்பியில் கிருமிகள் எளிதில் குடியேறுகின்றன. பல மருந்துகளோ அதனுள் நன்கு புகுவதில்லை. விரைகளை அகற்றினால் சில வாரங்களிலேயே சுரப்பி பெரிதும் சுருங்கிவிடும். நாய்க்கு அங்கே புற்றுநோய் வந்தால் மட்டும் இது உதவாது.

ஆயினும் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் நாய்களின் இச்சுரப்பியை ஆராய்ந்தே, மனிதரின் புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் வழிச் சிகிச்சை கண்டார். 1966-ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்கும் பெற்றார். நாய் நமக்குத் தந்த கொடை எத்தகையது, பாருங்கள்!

இவற்றையெல்லாம் எனக்குத் தெரிந்த இந்தியில் எடுத்துரைத்தேன். பெரியவர் தலையசைத்தார். "அவன் ஆண்பிள்ளை, டாக்டர் சாகிப்! அந்த அவமானம் அவனுக்கு வேண்டாம். மாத்திரையே கொடுங்கள்" என்றார். மாத்திரையுடன் சென்றார்.

ஒரு மாதம் கழித்துக் கடுங்காய்ச்சலோடு நாயைத் தூக்கி வந்தார்கள். சுரப்பியில் சீழ் கட்டியிருந்தது. எங்கள் பேராசிரியர் வயிற்றைத் திறந்து சீழை வடித்து, விரைகளையும் அகற்றினார். சிறிய அறுவையோடு முடிந்திருக்க வேண்டியது பெரிய அறுவையாயிற்று. நாய் பிழைத்தது. பெரியவர் அதன் தலையைத் தம் மடியில் வைத்துக்கொண்டு விம்மினார். அவர் அன்பில் குறையே இல்லை.

ஆண்மை, மானம் என்பவை மனிதர் தமக்கென வகுத்துக்கொண்ட சொற்கள். நாய்க்கு அவை தெரியா, வலி தெரியும். வாயில்லா உயிரின்மீது நம் பெருமையை ஏற்றி வைத்துவிட்டு, அதன் வேதனையைக் காணத் தவறுவது அன்பாகுமா?