சட்டையில் இல்லாத பங்க்

பங்க் என்றால் நம் வயதுக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பெட்ரோல் பங்க்தான். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் சேவல் கொண்டை மாதிரி நிறுத்திய தலைமுடி, கிழிந்த சட்டை, அதில் குத்திய ஊக்கு, காதைப் பிளக்கும் கிடார் என்று சொல்வார்கள்.

கல்லூரியில் படிக்கும் என் பேத்தி அந்த இசையைக் கேட்கிறாள். எனக்கு இரண்டு பாட்டுக்கு மேல் தாங்காது. ஆனால் அவள் சொன்ன ஒரு செய்தி என்னை விடவில்லை. 1976இல் லண்டனில் 'ஸ்னிஃபின் க்ளூ' என்ற பங்க் பத்திரிகையைத் தொடங்கிய மார்க் பெர்ரி ஒரு வங்கி குமாஸ்தாவாம்! 36 வருடம் வங்கியில் குப்பை கொட்டியவன் நான். சும்மா இருப்பேனா? தேடித் தேடிப் படித்தேன்.

அந்தப் பத்திரிகைக்கு அச்சகமும் இல்லை, ஆசிரியர் குழுவும் இல்லை. தட்டச்சு செய்து, தலைப்பைப் பேனாவால் எழுதி, நகலெடுத்துக் கொடுத்தார். விற்பனை ஆயிரக்கணக்கில் ஏறிய பிறகு, 1977இல் தாமே நிறுத்தியும் விட்டார்.

அதே 1977இல் மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழுவினர் எந்த இசை நிறுவனத்தின் வாசலிலும் காத்திருக்கவில்லை. சுமார் 500 பவுண்டு கடன் வாங்கித் தங்கள் இசைத்தட்டைத் தாங்களே வெளியிட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தவர்கள் வாஷிங்டனின் ஃபுகாசி குழுவினர். அவர்கள் நிகழ்ச்சிகளுக்கு நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் 5 டாலராகத்தான் இருந்தது. எல்லா வயதினரும் வர முடிந்தது. கூட்டத்தில் யாராவது பக்கத்தில் இருப்பவர்களை இடித்து உதைத்து வம்பு செய்தால் பாட்டை நிறுத்துவார்கள். அந்த ஆளிடம் 5 டாலரைத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார்கள். கோபமாகப் பாடுவது வேறு, அடுத்தவனை மிதிப்பது வேறு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எல்லாமே உயர்வு என்று சொல்ல மாட்டேன். ஆரம்ப காலத்தில் சிலர் அதிர்ச்சி கொடுப்பதற்காகவே நாஜிச் சின்னத்தை அணிந்து திரிந்தார்கள். ஆனால் 1978 ஏப்ரல் 30 அன்று லண்டன் விக்டோரியா பார்க்கில் இனவெறிக்கு எதிராகப் பெருங்கூட்டம் கூடியபோது, மேடையேறிய குழுக்களில் பங்க் குழுவான 'தி க்ளாஷ்' இருந்தது. சின்னத்தை மாட்டுவது சுலபம். யார் பக்கம் நிற்கிறாய் என்பதுதான் கேள்வி.

இதையெல்லாம் படிக்கும்போது எங்கள் கிளையில் 1979இல் நாங்கள் மூவர் நடத்திய ஸ்டென்சில் தாள் ஞாபகம் வந்தது. எட்டு வருடமாகத் தினக்கூலியிலேயே இருந்த கடைநிலை ஊழியர் ஒருவரைப் பற்றி அதில் எழுதினோம். ரோனியோ மையின் கறை கையில் இரண்டு நாள் போகாது. மேலாளர் கூப்பிட்டு, "யாரிடம் அனுமதி வாங்கினீர்கள்?" என்றார். யாரிடமும் வாங்கவில்லை. ஆறாவது இதழ் வந்த மாதம் எனக்கு மாற்றல் உத்தரவும் வந்தது. மகளுக்கு அப்போது ஆறு மாதம். இரண்டு வருடம் தனியாக மெஸ் சாப்பாடு.

அந்த ஊழியருக்கு மறு வருடம் வேலை நிரந்தரமானது. எங்கள் தாள்தான் காரணம் என்று மார்தட்ட மாட்டேன்.

"அப்போ நீங்களும் பங்க்தான் தாத்தா" என்றாள் பேத்தி. அந்தப் பட்டமெல்லாம் எனக்கு வேண்டாம் அம்மா என்றேன். நாங்கள் மூவரும் பேண்டுக்குள் சட்டையைச் செருகி, எண்ணெய் வைத்துப் படிய வாரிய ஆட்கள். ஆனால் ஒன்று புரிகிறது. செய்ய வேண்டியது கண்ணுக்குத் தெரிந்த பிறகும், யாராவது அனுமதி தரட்டும் என்று காத்திராமல் கையில் இருப்பதை வைத்துத் தொடங்குவது. அதற்கான விலையை முணுமுணுக்காமல் கொடுப்பது. பங்க் என்பது இதுதான் என்றால், அதற்குக் கிடாரும் தேவையில்லை, வயதும் தடையில்லை.

உங்கள் அலுவலகத்திலும் இப்படி ஒருவர் இருந்திருப்பார். அவரைப் பற்றி எழுதுங்களேன்.