தூசியா, விண்மீனா?

விண்வெளியில் மேல், கீழ் என்று எதுவும் இல்லை. அங்கே செல்லும் விண்கலம் தான் எங்கே இருக்கிறது என்பதை அறிந்தால் மட்டும் போதாது. எந்தப் பக்கம் பார்த்தபடி செல்கிறது என்பதையும் அறிய வேண்டும். அதன் ஆண்டெனா பூமியை விட்டுத் திரும்பிவிட்டால், எடுத்த படங்கள் எவ்வளவு அரியவையாக இருந்தாலும் நம்மை வந்து சேரமாட்டா.

1964 நவம்பர் 28ஆம் நாள், மேரினர் 4 என்னும் விண்கலத்தை அமெரிக்கா செவ்வாயை நோக்கி ஏவியது. சூரியன் இருக்கும் திசையைக் கண்டறிவது அதற்கு எளிது. ஆனால், ஒரு திசை மட்டும் போதுமா? குடையின் காம்பைச் சூரியனுக்கு நேராக நீட்டிப் பிடித்தாலும், குடையை விரலால் சுழற்றலாம் அல்லவா? அந்தச் சுழற்சியை நிறுத்த இன்னோர் அடையாளம் தேவை. பொறியாளர்கள் கேனோபஸ் விண்மீனைத் தேர்ந்தெடுத்தனர். இந்திய மரபு அதற்கு அகத்தியரின் பெயரைச் சூட்டியுள்ளது. இரவு வானில் சிரியஸுக்கு அடுத்தபடி மிகப் பிரகாசமான விண்மீன் அது. அதோடு, சூரியன் இருக்கும் திசைக்கு ஏறத்தாழச் செங்குத்தாகவும் அது தெரியும்.

விண்மீனைத் தேடும் கருவிக்குப் பெயர்கள் தெரியாது. ஒளியின் அளவு மட்டுமே தெரியும். கலம் மெல்லச் சுழலும். குறித்த அளவு ஒளி பட்டதும் நிற்கும். முதலில் அது வேறு விண்மீன்களைப் பிடித்துக்கொண்டது. ஒருவழியாகக் கேனோபஸைக் கண்டுபிடித்த பிறகும் தொல்லை தீரவில்லை. டிசம்பர் 4ஆம் நாள், பாதையைத் திருத்தும் நேரத்தில் பிடி நழுவியது. அந்த வேலை மறுநாளுக்குத் தள்ளிப்போனது.

காரணம், வெறும் தூசி! கலத்திலிருந்தே உதிர்ந்த துகள்கள் சூரிய ஒளியில் மின்னியபடி கருவியின் முன் மிதந்தன. ‘இவ்வளவு ஒளியா? இது கேனோபஸ் அன்று’ என்பதுபோல் கருவி மீண்டும் தேடத் தொடங்கியது. தூசியைத் துடைக்க யாரும் அங்கே போக முடியாது. ஆகவே, ஒளி மிகுந்தால் விலக வேண்டும் என்ற விதியையே பொறியாளர்கள் பூமியிலிருந்து கட்டளை அனுப்பி நீக்கினர். அதன்பின், தூசி கடந்து போகும்வரை கலம் அசையாமல் இருந்தது.

1965 ஜூலையில் மேரினர் 4, செவ்வாய்க்குச் சுமார் 9,800 கிலோமீட்டர் அருகில் சென்று படங்கள் எடுத்தது. ஒரு படத்தை அனுப்பவே ஏறத்தாழ எட்டு மணி நேரம் பிடித்தது. அவ்வளவு நேரமும் ஆண்டெனா பூமியையே பார்த்திருந்தது. பள்ளங்கள் நிறைந்த செவ்வாயின் முகத்தை மனிதர் அப்போதுதான் முதன்முதலாக அருகில் கண்டனர்.

இன்றைய கருவிகள் ஒரே விண்மீனை நம்பியிருப்பதில்லை. அவை வானத்தைப் படமெடுத்து, விண்மீன்களுக்கு இடையிலுள்ள கோணங்களைத் தம்மிடமுள்ள வான்பட்டியலுடன் ஒப்பிடுகின்றன. ஒரு துகள் குறுக்கே வந்தாலும், மற்ற விண்மீன்களைக் கொண்டு திசையை அறிந்துகொள்கின்றன.