சிங்கத்துக்குப் பேர் வைக்கிற பசங்க!

கென்யா போகிற சான்ஸ் கிடைத்தால், நைரோபியில் ஷாப்பிங்கை முடித்துக்கொண்டு திரும்பிடாதீங்க. தெற்கே நாலு மணி நேரம் வண்டியில் போனால் அம்போசெலி. அங்கே மட்டும் கொஞ்சம் சீக்கிரம் எழுந்திருங்கள். 5,895 மீட்டர் கிளிமஞ்சாரோ எதிரே பளிச்சென்று நிற்கும். வெயில் ஏறினால் மேகத்தைப் போர்த்திக்கொண்டு காணாமல் போய்விடும். மலை இருப்பது தான்சானியாவில், போட்டோ எடுப்பது கென்யாவில். செம காமெடி இல்லே?

1974-ல் தேசியப் பூங்கா ஆனது 392 சதுர கிலோமீட்டர்தான். சிங்கத்துக்கு எல்லைக்கோடு தெரியுமா என்ன? அது பாட்டுக்கு வெளியே வரும். வெளியே மாசாய் மக்களின் மேய்ச்சல் நிலம். முள்ளை வெட்டி அடைத்த பட்டிக்குள் மாடு. மாசாய்க்கு மாடுதான் பேங்க் பேலன்ஸ், பெண்ணுக்குக் கொடுக்கும் பரிசம், ஊரில் மரியாதை எல்லாமே.

‘மொரான்’ என்றால் இளவட்ட வீரன். ஈட்டியோடு போய் முதலில் சிங்கத்தைக் குத்தியவன் ஹீரோ. அவனுக்குப் புதுப் பெயரே கிடைக்கும். 1977-லேயே கென்யா வேட்டைக்குத் தடை போட்டாச்சு. ஆனால் மாடு செத்த கோபத்துக்குச் சட்டம் புரியுமா?

2007-ல் ‘லயன் கார்டியன்ஸ்’ என்ற அமைப்பு இந்த மொரான்களையே வேலைக்கு எடுத்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அதையும் சொல்லிக் கொடுத்தார்கள். விடிந்ததும் கால்தடம் பார்த்து, ‘இன்னிக்கு அந்தப் பக்கம் மாட்டை ஓட்டாதே’ என்று எச்சரிப்பது, பட்டியைச் சரிசெய்வது, தொலைந்த மாட்டைத் தேடுவது, ஈட்டியோடு கிளம்புகிற கூட்டத்தைப் பேசிப் பேசித் திருப்புவது... இதுதான் டியூட்டி. எனக்கு ரொம்பப் பிடித்தது, ஒவ்வொரு சிங்கத்துக்கும் மாசாய் மொழியில் இவர்களே பேர் வைப்பது. முன்பு கொன்றவனுக்குப் பேர், இப்போது உயிரோடு இருக்கிற சிங்கத்துக்குப் பேர்!

இன்னொரு ஏற்பாடு, நஷ்ட ஈடு. 2003-ல் எம்பிரிகானியில் தொடங்கியது. பட்டி சரியில்லை என்றால் தொகை குறையும். யாராவது சிங்கத்தைக் கொன்றுவிட்டால், அந்தத் தவணையில் சுற்றுவட்டாரத்துக்கே பணம் கட். பக்கத்து வீட்டுக்காரரை விடப் பெரிய போலீஸ் உண்டா?

எல்லாம் சுபம் என்று நினைக்காதீங்க. 2022-ல் கடும் வறட்சி. மாடு செத்துச் செத்து நொந்துபோன ஊர்களில், 2023 மே மாதம் ஒரே வாரத்துக்குள் அடுத்தடுத்து சிங்கங்களைக் கொன்றார்கள். எம்பிரிகானியில் 11 ஆடுகள் போன கோபத்தில் மட்டும் ஆறு சிங்கங்கள். அதற்குச் சில நாட்கள் முன்பு, 19 வயது லூன்கீட்டோவும் ஈட்டிக்கு இரையானது. காட்டில் அந்த வயசு வரை ஆண் சிங்கம் தாக்குப்பிடிப்பதே அதிசயம். ஆடு போன வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் அவர்களைத் திட்டவும் மனசு வரவில்லை.

இப்போது புதுத் தலைவலி, பொதுவாக இருந்த மேய்ச்சல் நிலம் தனித்தனிப் பட்டாவாகப் பிரிவது. பட்டா வந்தால் பின்னாலேயே வேலி வரும். யானை எந்த வழியில் போகும்?

முடிந்தால் டிசம்பரில் போங்க. கிமானா சரணாலயத்தில் 2012-ல் ‘மாசாய் ஒலிம்பிக்ஸ்’ ஆரம்பித்தார்கள். சிங்க வேட்டைக்குப் பதிலாக ஓட்டம், ஈட்டி எறிதல், குதித்தல். 800 மீட்டர் முன்னாள் உலக சாம்பியன் டேவிட் ருடிஷாவும் மாசாய்தான். இதற்குப் புரவலர் அவரே. போட்டி வருஷா வருஷம் கிடையாது, விசாரித்துவிட்டு டிக்கெட் போடுங்க.