சக்கரமும் முட்டுக்கட்டையும்

தஞ்சை வட்டாரத்தில் கார் வைத்திருப்போருக்குப் பங்குனி ஒரு சோதனைக் காலம். சம்பா அறுவடைக்குப் பின் நெல் தரிசில் வளர்ந்த உளுந்தும் பயறும் அப்போது களம் தேடும். களம் போதாத ஊர்களில் தார்ச்சாலையே களமாகிவிடும். பரப்பிய செடிகளைப் போகிற வருகிற வண்டிகள் மிதித்துக் கொடுக்கும். குறை சொல்ல மனம் வருவதில்லை; நாங்களும் அந்த உளுந்தைத்தான் உண்கிறோம். ஆனால் காய்ந்த கொடி அச்சில் சுற்றிக்கொண்டு, சூடேறித் தீப்பற்றுவதும் உண்டு.

அப்பாவை வாரம் இருமுறை டயாலிசிஸுக்காகத் தஞ்சைக்கு அழைத்துச் செல்லவேண்டிய எங்களுக்குச் சக்கரம் கழுவுதல் அழகு சார்ந்த வேலையன்று. அண்ணன் தம்பி இருவருமாகக் கொல்லைப்புறத்தில் அதைச் செய்கிறோம். வண்டி முழுதும் ஆறிய பிறகே தொடங்குவோம். கொதிக்கும் டிஸ்க்கில் குளிர்ந்த நீர் பட்டால் அது வளைந்துவிடக்கூடும். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்தி, எதிர்ச் சக்கரங்களுக்குக் கல் அணைத்து, பின்னரே ஜாக்கி. தூக்கிய வண்டியைத் தாங்கிக் கட்டைகளில் நிறுத்தாமல் கை வைப்பதில்லை.

உள்ளே வண்டல் களி பாறையாக இறுகியிருக்கும். அதன்மேல் கரிய பிரேக் தூசி. அதை ஊதித் தள்ளலாகாது, மூச்சில் போகும். நனைத்தே துடைக்க வேண்டும். சக்கரத்தின் உட்புறத்தைச் சோப்பு நீரும் தூரிகையும் பார்த்துக்கொள்ளும். டிஸ்க்குக்கும் பேடுக்கும் அதற்குரிய பிரேக் கிளீனர் மட்டுமே. மண்ணெண்ணெயோ டீசலோ பட்டால் எண்ணெய்ப் பசை தங்கி, மிதித்தாலும் பிடிக்காது. காலிப்பரைக் கழற்றினால் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி நிறுத்துவோம். பேட் தேய்ந்து 3 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுவோம். நட்டுகளை எதிரெதிராக முறுக்கி முடிப்போம்.

இந்த வேலையின்போது திருவாரூர் நினைவுக்கு வராமல் இராது. 1926இல் எரிந்து, 1930இல் மீண்டும் ஓடிய ஆழித்தேர், அலங்காரத்துடன் 96 அடி உயரம். சுமார் 300 டன் எடை. அதன் இரும்புச் சக்கரங்களையும் ஹைட்ராலிக் பிரேக்கையும் அமைத்தது திருச்சி பெல் நிறுவனம். எங்கள் சிறிய காரின் மிதிகட்டையும் அந்தத் தேரும் ஒரே விதியால் நிற்கின்றன: அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எங்கும் பரவும். எனினும் வீதி திரும்பும்போது தேரை வழிநடத்துவோர் முட்டுக்கட்டை போடுகிறவர்களே. நாம் இடையூறுக்குப் பெயராக்கிவிட்ட அந்தச் சொல், தேரடியில் உயிர் காக்கும் கருவி.

அதே ஊரில் மனுநீதிச் சோழனின் கல்தேரும் உண்டு. மகனுக்கு அரசன் விதித்த தண்டனையைப் பேசுகிறோம்; கன்று குறுக்கே வந்த கணத்தில் அச்சக்கரம் ஏன் நிற்கவில்லை என்று எவரும் கேட்பதில்லை. கன்றும் ஆடும் குழந்தையும் குறுக்கே ஓடும் எங்கள் சாலைகளில் அதுவே முதற்கேள்வி.

கழுவி முடித்ததும் ஊர் எல்லைவரை மெதுவாக ஓட்டி, பிரேக்கை நாலைந்து முறை மெல்ல மிதித்து ஈரத்தைப் போக்குகிறோம். அதன் பிறகுதான் அப்பாவை ஏற்றுவோம். இளமையில் ஆழித்தேருக்கு வடம் பிடித்தவர் அவர். கதவைப் பிடித்தபடி ஒன்றே ஒன்று கேட்பார்: “ஏம்பா, முட்டுக்கட்டை சரியா இருக்கா?”