என் ஹீரோ மாறிட்டார்!



ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது என் ஹீரோ அப்துல் கலாம் ஐயா. ராக்கெட் விட்டார், ஜனாதிபதி ஆனார். அதுதான் வெற்றின்னு நினைச்சேன்.

இப்போ என் ஹீரோ சதீஷ் தவான். 1979-ல் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து விட்ட எஸ்.எல்.வி-3 ராக்கெட் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் கலாம். ஆனால் நிருபர்கள் முன்னால் பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் தவான். 1980-ல் ராக்கெட் ஜெயித்தது. அப்போது பேச கலாமை அனுப்பினார். இதைச் சொன்னவரே கலாம் ஐயாதான்!

மீன்பாடு இல்லாத நாளில் எங்க அப்பா, "நான்தான் இடம் தப்பாப் பார்த்துட்டேன்" என்பார். நிறைய கிடைத்தால், "பசங்க நல்லா இழுத்தாங்க" என்பார். அப்பா பேர் பேப்பரில் வராது. ஆனா அவரும் ஜெயித்தவர்தான்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, கடப்பாக்கம்