விரலிடுக்கில் மண்

போன வருஷம் மானாமதுரைப் பக்கம் எங்கள் மூன்று ஏக்கர் தரிசில் வேலிக்கருவை எடுக்க ஜேசிபி விட்டோம். இரண்டு நாளில் காடு காலி. நிலத்தின் நான்கு ஓரத்திலும் முள்ளும் தூரும் மண்ணும் கலந்து ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மழை பெய்து உழுதபோதுதான் அந்தக் குவியலில் பாதி எங்கள் மேல்மண் என்று தெரிந்தது. அடியில் இருந்த வெளிறிய மண்ணில் விதைத்த எள் முழங்கால் உயரம்கூட வரவில்லை. குவியல் மேல் மட்டும் கருவை தளதளவென்று மறுபடி முளைத்து நின்றது. ஓட்டுநரைக் குறை சொல்லிப் பயனில்லை. பக்கெட் அள்ளுவதற்கான பாத்திரம். எது முள், எது மண் என்று அதற்குத் தெரியாது.

இந்தப் புலம்பலைக் கேட்டுக்கேட்டு அலுத்துப்போன நண்பர் ஒருவர்தான் சிக்கலுக்குப் போய்வரச் சொன்னார். "அங்க ஒருத்தர் டிராக்டர் லோடர்ல கிராப் மாட்டி வச்சிருக்கார். மண்ணை விட்டுட்டு முள்ளை மட்டும் எடுக்குதாம். பாத்துட்டு வாங்க, அப்புறம் பேசலாம்."

சிக்கல் என்றதும் நாகப்பட்டினத்துச் சிங்காரவேலரை நினைப்பவர்களே அதிகம். இது ராமநாதபுரம் மாவட்டம் கடலாடி வட்டத்துச் சிக்கல். தெற்கே போனால் வாலிநோக்கத்து உப்பளமும் கடலும். 1998-ல் பறவைகள் சரணாலயமான மேலச்செல்வனூர், கீழச்செல்வனூர் கண்மாய்களும் இதே வட்டாரம்தான். மானாவாரி நெல், மிளகாய். இந்த மாவட்டத்து முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. ஆனால் மழை பொய்த்துப் போட்டது போட்டபடி கிடக்கும் புஞ்சை முழுக்கக் கருவைதான். அந்தக் கருவையை வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கி விற்றுத்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது.

நான் போய்ச் சேர்ந்தபோது காலை ஏழு மணி. ஒரு புஞ்சையில் முந்தைய நாள் ஜேசிபி பிடுங்கிப் போட்ட தூர்கள் வேர் மேலாகக் கிடந்தன. நடுவில் அந்த டிராக்டர். முன்னால் லோடர் கை, அதன் நுனியில் பக்கெட் இருக்க வேண்டிய இடத்தில் இரும்பு விரல்கள். கீழே ஏழு விரல் வரிசையாக முன்னோக்கி நீண்டு, நுனியில் சற்றே மேல்நோக்கி வளைந்திருந்தன. மேலே தனித்தனியாக இரண்டு கொடுக்குகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹைட்ராலிக் சிலிண்டர். டிராக்டர்காரர் அதை "கிராப்பு" என்கிறார். அங்கே குச்சி பொறுக்கும் பெண்கள் வைத்திருக்கும் பெயர் நண்டு. "நண்டு வந்துருச்சா?" என்று கேட்டுக்கொண்டே வேலைக்கு வருகிறார்கள். கடலோரத்துக்காரர்களுக்கு வேறு என்ன தோன்றும்!

டிராக்டர்காரருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. கேட்காமலே ஓட்டிக் காட்டினார். கீழ்விரல்களைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி, ஒரு தூரின் அடியில் மெதுவாக நுழைத்தார். கொடுக்கு இறங்கியது. அந்தத் தூரில் ஒரு பக்கம் தடித்த அடிமரம், மறுபக்கம் மெலிந்த வேர்ச்சடை. வலது கொடுக்கு அடிமரத்தில் முட்டி நின்றுவிட்டது. இடது கொடுக்கு மட்டும் இன்னும் இறங்கிப் போய் வேர்ச்சடையை அமுக்கியது. லோடர் கை இடுப்பு உயரத்துக்கு எழுந்தது. பிறகு லிவரை முன்னும் பின்னுமாக டக் டக் டக்கென்று மூன்று தடவை தட்டினார். தூர் குலுங்கியது. விரல்களின் இடுக்கு வழியாகக் கரிசல் மண் பொலபொலவென்று கொட்டியது. கொஞ்சநஞ்சம் அல்ல, ஒரு கூடை இருக்கும். அது எந்தக் குழியிலிருந்து வந்ததோ அதற்குப் பக்கத்திலேயே விழுந்தது.

நான் பார்க்க வந்தது அதைத்தான்.

"ஒத்தக் கொடுக்கு வச்சது வெல குறைச்சல் சார்," என்றார். "மொதல்ல அதத்தான் பாத்தேன். ஆனா நம்ம தூரு ஒண்ணாவது நேரா இருக்கா? ஒத்தக் கொடுக்குன்னா பெருசு மேல போய்க் குந்திக்கிரும், சின்னது நழுவி ஓடிரும். ரெண்டுன்னா அது அது பாட்டுக்கு அமுக்கும்." இரண்டு சிலிண்டருக்கும் எண்ணெய் ஒரே குழாயிலிருந்துதான் பிரிந்து போகிறது. எது லேசாக நகருமோ அந்தப் பக்கம் எண்ணெய் முதலில் போகும். அது முட்டி நின்றதும் மற்றதற்குப் போகும். இதற்கென்று தனியாக ஒரு மூளை தேவையில்லை.

இந்த எண்ணெய் விஷயத்தில்தான் முதல் முறை கிராப் வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். சாதாரண லோடருக்கு இரண்டே வேலை: கை ஏற இறங்க, பக்கெட் நிமிரக் கவிழ. இரண்டு லிவர் போதும். கிராப்புக்கு மூன்றாவதாகத் திறந்து மூடும் வேலை சேர்கிறது. அதற்கு எண்ணெய் எங்கிருந்து வரும்? இவர் ஆரம்பத்தில் டிப்பர் டிரெய்லருக்காகப் பின்பக்கம் இருக்கும் லைனில் இருந்து ஓஸ் பைப்பை முன்னால் இழுத்து வந்தார். வேலை செய்தது. ஆனால் அந்த லிவர் சீட்டுக்குப் பின்புறம். முள்ளைப் பார்த்துக்கொண்டே கையைப் பின்னால் துழாவ வேண்டும். "ஒரு சீசன் ஓட்டுனேன். கழுத்து திரும்பல." பிறகுதான் லோடர் லிவருக்குப் பக்கத்திலேயே மூன்றாவது லிவர் ஒன்று வைக்கச் செய்தார். வாங்கும்போதே இதைக் கேட்டிருந்தால் இரண்டு செலவு ஒன்றாகியிருக்கும் என்று அவருக்கு இன்றும் வருத்தம். ஓஸ் பைப் முழுக்கப் பழைய சைக்கிள் டியூபை வார்வாராக வெட்டிச் சுற்றியிருக்கிறார். முள் குத்தி அந்த ஓஸ் ஓட்டையாகிவிடாது. கிளை சிக்கி இழுத்து, உரசி உரசித்தான் போகும். சிலிண்டர்களின் மேலே ஒரு தகட்டுக் கூரை. தூர் நழுவிப் பின்னால் உருண்டால் அடி அதன்மேல் விழட்டும் என்று.

அடுத்தது எடை. தூக்கும் சக்தி என்று லோடருக்கு ஓர் எண் சொல்வார்கள். அது 1,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கிராப்பே 250 கிலோ இருந்தால் மிச்சம் 750. அதுவும் முழுசாகக் கிடைக்காது. தூர் இருப்பது லோடர் கை முடியும் இடத்தில் அல்ல, இன்னும் இரண்டு மூன்று அடி முன்னால். துலாக்கோல் கணக்கு. எட்ட எட்டப் போனால் கனம் கூடும். அகலமான, கனத்த, பார்க்க மிரட்டலான கிராப்பை வாங்கினால் டிராக்டர் அந்த இரும்பையே தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருக்கும். இவர் வாங்கியது டிராக்டரின் அகலத்தைவிடக் கொஞ்சம்கூட மிஞ்சாத ஒன்று. பின்னால் மூன்று முனை இணைப்பில் கான்கிரீட் கட்டை தொங்குகிறது. அது இல்லாமல் தூருடன் பிரேக் பிடித்தால் பின்சக்கரம் காற்றில் எழும்பும். பெரிய சக்கரத்தில்தானே பிரேக்கும் இருக்கிறது! சுமையோடு நகரும்போது தூர் தரையிலிருந்து முழங்கால் உயரத்தைத் தாண்டுவதில்லை. கண்மாய்க் கரைச் சரிவில் கையை உயர்த்திக்கொண்டு போனால் என்ன ஆகும் என்பதை அவர் வாயால் சொல்லவில்லை, உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினார்.

"இதை வச்சே தூரைப் பிடுங்க முடியாதா அண்ணே?"

"பிடுங்கலாம். ஒரு நாளைக்கு. மறுநா லோடர் கை வளைஞ்சு பட்டறையில கெடக்கும்."

விளம்பரப் படங்களில் கிராப் மரத்தைக் கவ்விப் பிடுங்குவதாகத்தான் காட்டுகிறார்கள். இளம் செடியை அப்படி எடுக்கலாம். ஊன்றிய கருவையைப் பறிப்பது ஜேசிபியின் வேலை. அதுவும் மண்மட்டத்துக்குக் கீழே இருக்கும் கழுத்துப் பகுதியோடு வர வேண்டும். மேலே வெட்டிவிட்டால் ஒன்றுக்கு நாலாகத் துளிர்க்கும். பிடுங்கியதைப் பிரிப்பது, உதறுவது, அடுக்குவது, டிரெய்லரில் ஏற்றுவது இவைதான் கிராப்பின் தொழில். என் நிலத்தில் நடந்த தப்பு அங்கேதான் புரிந்தது. பிடுங்கிய பக்கெட்டையே தள்ளவும் அள்ளவும் விட்டிருந்தோம்.

கருவியின் ஊரும் மரத்தின் ஊரும் கிட்டத்தட்ட ஒன்று என்பது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருந்தது. கருவை அமெரிக்கக் கண்டத்து மரம். மதராஸ் மாகாணத்தில் கடப்பைப் பக்கம் 1877-ல் நட்டதாகப் பதிவு இருக்கிறது. அதன் பங்காளி மரமான மெஸ்கீட்டோடு டெக்சாஸ் பண்ணைக்காரர்கள் காலங்காலமாக மல்லுக்கட்டுகிறார்கள். அங்கேயும் அதன் தூரை அள்ள டிராக்டரில் இதே விரல்களைத்தான் மாட்டுகிறார்கள். மெஸ்கீட் விறகில் சுட்ட இறைச்சிக்கு அவர்கள் ஊரில் தனி மவுசு. அரிசோனாவில் ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தில் இந்த இனத்தின் வேர் 53 மீட்டர் ஆழத்தில் இருந்ததை 1960-ல் கண்டிருக்கிறார்கள். இங்கே 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கருவையை ஒழிக்கச் சொன்னது. அந்த வருஷம் தென்மாவட்டம் முழுக்க ஜேசிபிச் சத்தம். சில மாதத்தில் சென்னையில் இடைக்காலத் தடை வந்தது. கருவை இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றது.

புஞ்சையின் ஓரத்தில் இரண்டு மூட்டங்கள் புகைந்துகொண்டிருந்தன. தடித்த மரத்தை அடுக்கி, இடைவெளியில் சிறு விறகைத் திணித்து, மேலே வைக்கோலும் தழையும் போட்டு, மண் பூசி மெழுகி உள்ளே தீ வைப்பது. காற்று கூடினால் சாம்பல், குறைந்தால் அரைவேக்காடு. ஒரு மூட்டத்தில் புகை வெள்ளையாகத் திரண்டு வந்தது. விறகில் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். மற்றதில் நீலம் பாரித்து மெலிந்திருந்தது. மூட்டக்காரர் அதன் துவாரங்களை ஒவ்வொன்றாக மண் அப்பி அடைத்துக்கொண்டிருந்தார். நாலைந்து டன் விறகு வெந்தால் ஒரு டன் கரி. அதில் தூர்க்கரிக்குத்தான் விலை. கனமும் அதிகம், நின்று எரியும். குச்சிக்கரி அதற்குக் கீழே.

நண்டைப் பற்றி அவர் அபிப்பிராயத்தைக் கேட்டேன். "மண்ணோட வந்த தூரை மூட்டத்துல வச்சா, மண்ணு ஒட்டுன எடம் வேகாது. அரையும் கொறையுமா வெளிய வரும். எடை மேடையில கரிக்காரன் ஒரு கட்டியை எடுத்துத் தட்டிப் பாப்பான். மண்ணு உதுந்துச்சு, எடையில கழிச்சிருவான். முன்னாடி ஒவ்வொரு தூரையும் கடப்பாரையால தட்டி மண்ணு எடுக்கவே ரெண்டு ஆளு நிக்கும். இப்ப வர்றப்பவே பாதி சுத்தமா வருது." மழை பெய்த மறுநாள் மட்டும் நண்டு வேலைக்கு ஆகாது என்றார். ஈரக் கரிசல் விரலிடுக்கில் பசை போல அப்பிக்கொள்ளும். மூன்று தடவை என்ன, முப்பது தடவை குலுக்கினாலும் விழாது. இரண்டு நாள் காய விடுவதைத் தவிர வழியில்லை.

பத்து மணிக்குப் பழையசோறு நேரம். உடைமரத்து நிழல் என்று சொல்ல ஆசை, கருவை நிழல்தான். குச்சி பொறுக்கும் பெண்களில் மூத்தவர் செருப்பைக் கழற்றி, குதிகாலைத் தொடைமேல் தூக்கி வைத்துக்கொண்டு தாலிக்கயிற்றில் இருந்து ஒரு ஊக்கை எடுத்தார். முள் செருப்பைத் துளைத்து ஏறியிருக்கிறது. ஊக்கு முனையால் தோலை வட்டமாகக் கிளறினார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அரை அங்குலத்தில் கருத்த முனை வெளியே வந்தது. வரப்பில் நின்ற எருக்கின் காம்பைக் கிள்ளி ஒரு சொட்டுப் பால் வைத்துவிட்டு, அதே கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு தூக்குவாளியைத் திறந்தார்.

"நண்டு வர்றதுக்கு முந்தி கவைக்கம்பு வச்சுத்தான் முள்ளைத் தள்ளுவோம் தம்பி. ஒருத்தி கவையால தூக்கிப் பிடிப்பா, ஒருத்தி அரிவாளால கழிப்பா. சாயங்காலம் ரெண்டு கையிலயும் எண்ணிப் பாத்தா பத்துக் கீறலுக்குக் குறையாது."

"இப்ப நல்லாயிருக்குன்னு சொல்லுங்க."

"முள்ளுக்கு நல்லாத்தான் இருக்கு. இந்தப் புஞ்சை முன்னாடின்னா எங்க எட்டுப் பேருக்கு இருவது நா வேலை. இந்தா பாருங்க, நாளான்னைக்கு முடிஞ்சிரும்." டிராக்டர்காரர் இதைக் கேட்டுக்கொண்டேதான் சாப்பிட்டார். "அக்கா, குச்சி பூராவும் ஒங்களுக்குத்தானே விடுறேன்?" என்றார். "விடாம நீ என்ன செய்வ? ஒன் நண்டுக்கு அதப் பிடிக்கத் தெரியாதுல்ல!" எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

அந்தக் குச்சி விவகாரம் விளையாட்டுப் பேச்சு இல்லை. கீழ்விரல்களின் இடைவெளி குறுகினால் சிறு குச்சியும் வரும், மண்ணும் வரும். அகன்றால் மண்ணோடு குச்சியும் விழும். பட்டறையில் முதலில் நெருக்கமாக ஒன்பது விரல் வைத்துத்தான் கொடுத்தார்களாம். மண் உதிரவில்லை. இரண்டை அறுத்து எடுத்து, மிச்சத்தைத் தள்ளித் தள்ளிப் பற்றவைத்த பிறகுதான் இப்போதைய ஏழு. அறுத்த தழும்பு அடிச்சட்டத்தில் இன்னும் தெரிகிறது. விழுகிற குச்சிகளை இந்தப் பெண்கள் பொறுக்கிக் கட்டி மூட்டக்காரரிடம் எடைக்குப் போடுகிறார்கள். ஒன்பது விரலாகவே இருந்திருந்தால் அந்தக் கட்டுகளும் டிரெய்லரில் ஏறியிருக்கும்.

மதியம் டயரில் காற்று இறங்கியது. முன் சக்கரம். இதற்கு நண்டிடம் வைத்தியம் இல்லை. பழைய டயரை வெட்டி உள்ளே ஒரு மடிப்பாக வைத்திருந்தும் முள் வந்துவிட்டது. அவர் ஜாக்கியைத் தேடப் போன நேரத்தில் நான் கீழே குத்தவைத்து, விரல்களின் இடைவெளியைக் கையால் அளந்தேன். ஊரில் பற்றவைப்பவரிடம் சொல்ல வேண்டுமே. என் சாண் ஒன்று, அதற்கு மேல் இரண்டு விரல். பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதினேன்.

மூத்தவர் தலையில் குச்சிக்கட்டோடு என்னைக் கடந்து போனவர் நின்றார்.

"என்ன தம்பி அளக்குறீங்க?"

சொன்னேன்.

"இன்னும் ஒரு விரக்கடை தள்ளியே வைக்கச் சொல்லுங்க," என்றார்.